‘உனக்கு நடந்திருந்தால்?’ என்று கேட்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: நன்னெறிக் கல்வி வகுப்பில் “உன் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும்?” என்றதும் சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். இரக்கம் இல்லையா?

இருக்கிறது. அடுத்தவர் மனத்தில் வேறு ஏதோ ஓடும் என்பது நான்கைந்து வயதிலேயே பிடிபட்டுவிடும். கோளாறு கேள்வியில்தான்.

1997இல் உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வானொலிப் பேட்டியைப் போட்டார்கள். பெற்றோரை விபத்தில் பறிகொடுத்து, தம்பி தங்கையை வளர்க்கும் பெண்ணின் பேச்சு. ஒரு சாராரிடம் “அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினையுங்கள்” என்றார்கள்; இன்னொரு சாராரிடம் “அவள் நிலையில் நீங்கள் இருந்தால்?” மூன்றாம் சாரார் ஒட்டாமல் கேட்க வேண்டும். முதல் இரு சாராருக்கும் பரிவு வந்தது. ஆனால் தன்னை அங்கே நிறுத்திப் பார்த்தவர்களுக்குக் கூடவே தவிப்பும் வந்தது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பரிவு அவளைப் பார்க்கிறது, தவிப்பு தன்னைப் பார்க்கிறது. தவிப்பு தணிய அவளுக்கு உதவலாம், எழுந்தும் போய்விடலாம். போவது சுலபம். வகுப்பில் எழுந்து போக முடியாது. அதனால்தான் சிரிப்பு என்பது என் ஊகம். இதைத் தமிழ்ப்பள்ளியில் சோதிக்கப் பெரிய மானியம் வேண்டாம்: இரண்டு வகுப்பு, இரண்டு கேள்வி போதும்.

“அவருக்கு எப்படி இருக்கும்?” என்று கேள்வியை மாற்றினாலும், அடுத்தவர் மனம் பற்றிய ஊகம் ஊகம்தான். ஏயால், ஸ்டெஃபெல், எப்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018இல் வெளியிட்ட 25 சோதனைகளில், பிறர் கோணத்தில் யோசித்தது அவர் மனத்தைக் கணிக்கும் துல்லியத்தைக் கூட்டவில்லை. கடைசிச் சோதனையில், நேரில் கேட்டது கூட்டியது.

ஆகவே தீபாவளிக்கு அரிசிப் பொட்டலம் கட்டிப் படம் எடுப்பதற்கு முன், பிள்ளைகளை நால்வர் நால்வராகத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு அனுப்புங்கள். ஒரு குழுவுக்கு ஒரு வீடு, ஒரு பெரியவர் துணை. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, மற்ற இருவர் காது கொடுக்கட்டும். “என்ன வேணும் பாட்டி?” என்றால் “ஒண்ணும் வேணாம்யா” என்றே வரும், கை நீட்டக் கூச்சம். “அரிசி வேணுமா?” என்றால் மரியாதைக்கு ‘ஆமாம்’. “நேத்து காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டால்தான், லயத்து விளக்கு எரியாததால் ஏழு மணிக்கே கதவை அடைத்ததோ, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளில்லாததோ வெளியே வரும்.

விளக்கு என்றால் வேலை தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுவது. எந்த லயம், எந்தக் கம்பம், எத்தனை நாளாக என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே குழு திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாக விட்டுப்போவது இந்தப் படிதான்.