குடும்பத்துக்குச் சைக்கிள் வாங்குமுன் ஒரு மெக்கானிக்கின் வேண்டுகோள்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் கடைக்கு ஒரு தம்பதியர் ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. குறுக்குத்துறைப் பக்கம் காலையில் மகனோடு ஓட்டிப் போனவர், குறுக்கே மாடு வந்ததும் பிரேக்கைப் பிடித்து முன்னால் இறங்கியிருக்கிறார். பார் கம்பி அவர் கால்களுக்கு மிக உயரமாக இருந்ததால் ஊன்றப் போன கால் தரையை எட்டாமல், சைக்கிளோடு சாய்ந்து கையை ஊன்றியதில் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. வண்டி 29 அங்குலச் சக்கரமும் தடித்த டயரும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் கொண்டது. கணவர் 5 அடி 9 அங்குலம், மனைவி 5 அடி. வீட்டில் எல்லாரும் ஓட்டட்டும் என்று அவர் உயரத்துக்கு ஒன்றே ஒன்று வாங்கியிருக்கிறார்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பிய நிலையில் மாட்டப்பட்டிருந்ததையும், முன் பிரேக் கேபிளின் திருகு விரலால் திருகினாலே கழன்று வந்ததையும் அவர்களிடம் காட்டினேன். பாதி மாட்டிய நிலையில் பெட்டியில் வந்த வண்டியை, வீட்டிலேயே மாட்டியிருந்தார்கள்.

இதே போன்ற வண்டியோடு இந்த ஆண்டில் வந்த நான்காவது குடும்பம் அது. இனியும் பேசாமல் இருப்பது சரியல்ல என்று பட்டதால் எழுதுகிறேன்.

காலையிலும் மாலையிலும் பிள்ளைகளோடு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுவதற்கும், கடைக்குப் போய்வருவதற்கும் ஏற்றது ஹைபிரிட் வகைச் சைக்கிள்தான். நேரான ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, 700 என்று குறிக்கப்படும் பெரிய ரிம், 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர், ஷாக் இல்லாத சாதாரண ஃபோர்க் ஆகியவை இதன் அடையாளங்கள். இதைக் காட்டியதும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, ஷாக் இல்லாட்டி நம்ம ரோட்டுல முதுகு போயிராதா?"

போகாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மக்கள் பணத்தை இழப்பதும் சலிப்படைந்து சைக்கிளை மொட்டைமாடியில் போட்டுவிடுவதும் இந்த ஒரு எண்ணத்தால்தான். மலைச்சரிவில் பாறைமேல் வேகமாக இறங்குபவருக்கு ஷாக் தேவை. அதற்கென்று செய்யப்படும் ஃபோர்க்கில் எண்ணெயோ காற்றோ கொண்டு துள்ளலை அடக்கும் ஏற்பாடு இருக்கும், அதன் விலை நீங்கள் வாங்கும் முழுச் சைக்கிளின் விலையைவிட அதிகம். விலை குறைந்த வண்டியில் இருப்பது இரண்டு குழாய்களும் உள்ளே ஓர் இரும்புச் சுருளும் மட்டுமே. சாலையின் சிறு அதிர்வுக்கு அந்தக் குழாய் அசைந்தே கொடுக்காது. பெரிய பள்ளத்தில் அமுங்கும், பிறகு அடக்க ஆளில்லாமல் துள்ளும். நீங்கள் பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி ஆடுவதால், முன்னே தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பகுதி சுருளை அமுக்குவதில் வீணாகிறது. இவற்றோடு மணலும் மழைநீரும் உள்ளே இறங்கி, கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டில் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அதன்பின் அது வெறும் பாரம். அந்த அம்மாவின் வண்டியைத் தராசில் தொங்கவிட்டேன். 18 கிலோவுக்குச் சற்று மேல் காட்டியது. ஷாக் இல்லாத ஹைபிரிட் பெரும்பாலும் 12 முதல் 14 கிலோவுக்குள் முடிந்துவிடும். அந்த வித்தியாசத்தை வீட்டுப் படியில் தூக்கி ஏற்றும்போது உணர்வீர்கள்.

அதிர்வைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888-இல் காப்புரிமை பெற்ற காற்று டயரை முதலில் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்குத்தான் செய்து மாட்டினார். பிள்ளை குலுங்காமல் போக வேண்டும் என்பதே நோக்கம். 38 மில்லிமீட்டர் டயரில், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு காற்றழுத்த அளவுகளுக்கு இடையில், உங்கள் எடைக்குத் தகுந்தபடி காற்று வைத்தால், பாளையங்கால்வாய்க் கரையின் செம்மண் பாதையிலும் தாராளமாகப் போகலாம். கல்லைப் போல் இறுக அடித்துக் கொடுக்கும்படி கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். உடைமுள் நம் ஊரில் எந்த டயரையும் விடாது. ஆகவே முள் தாங்கும் பட்டை வைத்த டயரும், மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பதைப் போன்ற வால்வும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், எந்தப் பஞ்சர் கடையிலும் வேலை முடியும்.

கியர் விஷயத்தில் 21 என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமானவை. முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் 7 அல்லது 8-ம் இருந்தால் வீட்டில் எல்லாருக்கும் எளிதில் பிடிபடும், செயின் கழல்வதும் குறையும். நம் பகுதியில் ஏற்றம் குறைவு. ஆனால் ஆனி, ஆடியில் பேட்டை, சேரன்மகாதேவி நோக்கி மேற்கே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்க்காற்று ஏற்றத்துக்குச் சமம் என்று தெரியும். கியர் அப்போதுதான் உதவும், இலகுவான கியருக்கு மாற்றிக்கொண்டு முழங்காலை வருத்தாமல் மிதிக்கலாம்.

அளவுக்கு வருகிறேன். சைக்கிளின் குறுக்கே காலை அகட்டி நின்றால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், பார் கம்பிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்குப் பொதுவாக 15 அல்லது 16 அங்குல ஃபிரேம் பொருந்தும், 5 அடி 9 அங்குலக்காரருக்கு 19 அங்குலம் வரை வேண்டியிருக்கும். இந்த இருவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. சேலையோ சுடிதாரோ உடுத்தி ஓட்டுபவருக்குப் பார் தாழ்ந்த ஃபிரேமும் செயின் கவரும் கேட்டு வாங்குங்கள். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. கால் எட்டாத பயம் ஒருமுறை ஏறிவிட்டால் பிள்ளை சைக்கிளைத் தொடாது.

சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதமும் தரையில் பட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சீட்டை அவ்வளவு தாழ்த்தி ஓட்டினால் முழங்கால் மடங்கியே இருந்து வலி எடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். புதிதாகக் கற்பவர் மட்டும் ஓரிரு வாரம் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் பிரேக் கட்டாயம் இல்லை. நல்ல பிரேக் கட்டை போதும். டிஸ்க் இருந்தால் அதன்மேல் செயின் எண்ணெய் தெறிக்க விடாதீர்கள், பிரேக் பிடிக்காது. ஹைபிரிட் பலவற்றில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு வராது. அவற்றை மாட்ட ஃபிரேமில் துளைகள் உள்ளனவா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இருட்டில் ஓட்டுபவர் பின் விளக்கு இல்லாமல் நாற்கரச் சாலைப் பக்கம் போகவே கூடாது. ஹெல்மெட் பிள்ளைக்கு மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள்.

இணையத்தில் வாங்கினாலும் பரவாயில்லை, மாட்டுவதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதுகூடத் தெரியாமல் முறுக்கி, மரை போன கிராங்குகள் (பெடலை மாட்டும் கைகள்) கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.

அந்தத் தம்பதியரிடம் பெரிய வண்டியின் ஃபோர்க்கைத் திருப்பி, பிரேக்கைச் சரிசெய்து கணவருக்கென்று கொடுத்தேன். அந்த அம்மாவுக்குக் கட்டுப் பிரித்து மருத்துவர் சரி என்றபின், ஓட்டும்போது போடும் செருப்போடு வரச் சொல்லியிருக்கிறேன். அளந்து, சீட்டுக் கம்பியில் அவர் உயரத்துக்குக் கறுப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்துத் தருவேன். நீங்களும் ஓட்டப் போகிறவரைக் கையோடு அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கி ஒரு மாதம் ஆனதும் அதே கடைக்குத் திரும்ப ஒருமுறை எடுத்துச் செல்லுங்கள். புதுக் கேபிளும் ஸ்போக்ஸ் கம்பியும் அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கும். முறுக்கிவிட அரைமணி நேரம்தான் ஆகும்.