புழு தின்ற கொழுப்பும் நாம் படிக்கும் செய்தியும்

நூல் போல மெலிந்த நூற்புழுக்களை வளர்த்து ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பு புழுக்களின் ஆயுளை நீட்டுகிறதாமே, அதை மாத்திரையாக வாங்கி விழுங்கலாமா?" கேள்வியில் பிழையில்லை. ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை தருபவரை நம்பிவிடாதீர்கள். "கொழுப்பு கொடுத்தோம், புழு நன்கு வளர்ந்தது" என்று ஆய்வேட்டில் ஒரே வரியில் முடியும் செய்திக்குப் பின்னால், அந்தக் கொழுப்பு எதன் வழியாகப் புழுவுக்குள் போனது, போன பிறகு எந்த மரபணுவை எழுப்பியது, எதை அடக்கியது என்று நீண்ட கதை ஒன்று இருக்கிறது.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் இந்தப் புழு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. கண்ணாடி போல உடல் முழுவதும் ஊடுருவித் தெரியும். மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட முதல் பல செல் உயிரி இதுதான். அது நடந்தது 1998-இல். முட்டையிலிருந்து வெளிவந்து, நான்கு இளம்புழுப் பருவங்களைக் கடந்து, தானே முட்டையிடும் நிலையை அடைய மூன்று நான்கு நாட்கள் போதும். நான்காம் பருவத்தில் அதன் வயிற்றுப்புறத்து நடுவில் பிறை போன்ற வெண்திட்டு ஒன்று தோன்றும். அந்தப் பிறையைப் பார்த்துத்தான் ஒரே வயதுப் புழுக்களைப் பிளாட்டினக் கம்பியின் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வேறு தட்டுக்கு மாற்றுகிறோம். இதற்குத் தனியான கொழுப்புத் திசு கிடையாது. கொழுப்பு பெரும்பாலும் குடல் செல்களிலேயே தங்குவதால், வயிறாரத் தின்ற புழு நுண்ணோக்கியில் கருத்தும், பட்டினி கிடந்தது வெளுத்தும் தெரியும்.

ஆய்வகத்தில் அதன் உணவு, அகார் என்னும் கூழ் உறைந்த தட்டின் மேல் படர்ந்து வளரும் ஈ.கோலை பாக்டீரியா. இந்தப் பாக்டீரியாவில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்பு கொண்டவை, இல்லை. ஆனால் அதைத் தின்று வளரும் புழுவின் உடலில் ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டுமே தாராளமாக இருக்கின்றன. ஃபேட்-2, ஃபேட்-1 எனப்படும் மரபணுக்கள் உண்டாக்கும் நொதிகளைக் கொண்டு புழு அவற்றைத் தானே செய்துகொள்கிறது. மனிதருக்கு அந்த நொதிகள் கிடையாது. ஆகவேதான் அவ்வமிலங்கள் நமக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும். 2004-இல் ஃபேட்-1 மரபணுவை எலிகளுக்குள் செலுத்தியபோது, அந்த எலிகள் ஒமேகா-6 கொழுப்பை ஒமேகா-3 ஆக மாற்றத் தொடங்கின. புழுவையும் மனிதரையும் ஒப்பிடுமுன் நினைவில் கொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இது: நமக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டிய ஒன்று, அதற்கு வீட்டுச் சரக்கு.

கொழுப்புக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ஃபேட்-5, ஃபேட்-6, ஃபேட்-7 என்னும் மூன்று மரபணுக்கள். நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தில் முதல் இரட்டைப் பிணைப்பை இடும் நொதிகளை இவை உண்டாக்குகின்றன. ஸ்டியரிக் அமிலம் ஒலியிக் அமிலமாவது பின்னிரண்டின் வேலை. ஃபேட்-6 பழுதானால் ஃபேட்-7 தன் செயலைக் கூட்டி இழப்பை ஈடுகட்டுகிறது. ஆறும் ஏழும் சேர்ந்து பழுதானால் வளர்ச்சி மந்தமாகி முட்டைகளும் குறைகின்றன. மூன்றுமே இல்லாத புழு பிழைப்பதில்லை. ஆனால் அதே புழுவின் தட்டில் ஒலியிக் அமிலத்தைக் கலந்து கொடுத்தால் அது உயிர் தரிக்கிறது. இழந்த மரபணுவின் இடத்தை உணவு நிரப்புவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சோதனைகள் அதிகம் இல்லை.

இந்த மூன்றின் செயலைக் கூட்டியும் குறைத்தும் நடத்துபவற்றுள் முதன்மையானவை என்எச்ஆர்-49, என்எச்ஆர்-80 என்னும் உட்கரு ஏற்பிகள், அதாவது மரபணுக்களின் செயலை நேரடியாகக் கட்டுப்படுத்தும் புரதங்கள். இத்தகைய ஏற்பிகள் மனிதரில் 48. இந்தச் சிறு புழுவிலோ 284. புழு பட்டினி கிடக்கும்போது ஃபேட்-7 மரபணுவின் செயல் விரைந்து சரிகிறது. கொழுப்பை எரிக்கும் மரபணுக்களில் சில மேலெழுகின்றன.

வளர்ச்சியை முற்றிலும் நிறுத்தவும் கிளப்பவும் வல்ல கொழுப்புகளும் உண்டு. புழுவால் கொலஸ்ட்ராலைத் தானே செய்ய இயலாது. அதனால் ஒவ்வொரு மில்லிலிட்டர் அகாருக்கும் 5 மைக்ரோகிராம் கொலஸ்ட்ராலை நாங்களே கலக்கிறோம். அது உடலுக்குள் டஃபாக்ரோனிக் அமிலமாக மாறி, டேஃப்-12 என்னும் ஏற்பியோடு இணைந்து, "வளரலாம்" என்ற உத்தரவை மரபணுக்களுக்குத் தருகிறது. அந்த அமிலம் கிடைக்காவிட்டால், புழு இனப்பெருக்கத்தை ஒத்திவைத்து, உண்ணாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் டாவர் நிலைக்குப் போய்விடும். 17 கரிம அணுக்கள் கொண்ட, கிளைத்த கொழுப்பு அமிலம் ஒன்றின் கதை இன்னும் வியப்பானது. அதைச் செய்யும் எலோ-5 மரபணுவை அடக்கிவிட்டால், குஞ்சுகள் உணவு நடுவிலேயே இருந்தும் முதல் பருவத்தைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. அந்த அமிலத்தைத் தட்டில் சேர்த்தால் நின்ற வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, வந்து சேராதது ஒரு செய்திதான். கொழுப்பைக் கலோரிக் கணக்கில் மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு இது உறைப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

தட்டில் நாங்கள் ஊற்றுவதும் புழுவுக்குள் போவதும் ஒன்றல்ல என்பதைப் பொதுவாசகர் மட்டுமல்ல, புதிதாக ஆய்வுக்கு வருபவர்களும் மறந்துவிடுகிறார்கள். பேக்கர்-2 என்னும் மரபணு பழுதான புழுக்களால் செல் சவ்வு இறுகுவதைத் தடுக்க முடியாது. அவற்றின் தட்டில் குளுக்கோஸ் சேர்த்தால் வளர்ச்சி குன்றிப்போகிறது. பழி சர்க்கரையின் மேல் விழுந்திருக்கும். ஆனால் 2017-இல் வெளிவந்த ஆய்வு, பாக்டீரியா அந்தக் குளுக்கோஸைத் தின்று, சவ்வை இறுக்கும் நிறைவுற்ற கொழுப்பாக மாற்றி வைத்திருந்ததையும், புழு தின்றது அந்தக் கொழுப்பையே என்பதையும் காட்டியது. கொடுத்தது இனிப்பு, கெடுத்தது கொழுப்பு.

என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலம் கலந்த தட்டுகளை ஒருமுறை வெளிச்சம் படும் மேசையிலேயே சில நாட்கள் வைத்திருந்தேன்; அவற்றில் விட்ட புழுக்கள் குறுகி நின்றன. அந்த அமிலம்தான் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதியும்விட்டேன். புதிய குப்பியைத் திறந்து, இருட்டில் வைத்த தட்டுகளில் அதே சோதனையைச் செய்தபோது புழுக்கள் வழக்கம் போல வளர்ந்தன. முதல் முறை நான் ஊட்டியது காற்றும் ஒளியும் பட்டுக் கெட்டுப்போன கொழுப்பு. கொழுப்பை அகாரில் சீராகக் கலக்கப் பயன்படும் டெர்ஜிட்டால் போன்ற சவர்க்காரப் பொருளும் புழுவைத் தொந்தரவு செய்யலாம் என்பதால், கொழுப்பு சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டிலும் அதே அளவு டெர்ஜிட்டால் இருக்க வேண்டும். ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடிப் பார்க்கும் வரி இதுதான்.

இனி அந்த ஆயுள் செய்திக்கு வருவோம். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் குறிப்பிட்ட ஒரு வேதிக்குறி குறைந்த புழுக்களின் குடலில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு (ஒரே இரட்டைப் பிணைப்பு கொண்டது; ஒலியிக் அமிலம் இவ்வகை) சேர்வதையும், அவை நீண்ட நாள் வாழ்வதையும், சாதாரணப் புழுக்களுக்கு ஒலியிக் அமிலத்தை நேரடியாகக் கொடுத்தாலும் ஆயுள் நீள்வதையும் 2017-இல் வேறோர் ஆய்வு காட்டியது. அது உண்மை, பரபரப்புக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் அந்த ஆயுள் இரண்டு மூன்று வாரங்களில் அளக்கப்படுவது. அந்தப் புழு வாழ்ந்தது ஒரே வகைப் பாக்டீரியா பரப்பிய, வெப்பநிலை மாறாத தட்டில்.

அளவும் பருவமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டைஹோமோ காமா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பைப் பார்த்தால் போதும். 2013-இல் வெளிவந்த ஆய்வில் அது, செல் தன் பழைய பகுதிகளைத் தானே செரித்துக்கொள்ளும் செயலைத் தூண்டிப் புழுவின் ஆயுளை நீட்டியது. அதே அமிலத்தை இளம்புழுப் பருவத்திலேயே மிகுதியாகக் கொடுத்தால் இனப்பெருக்க செல்கள் மடிகின்றன. இரும்பு சார்ந்து கொழுப்பு கெடுவதால் நேரும் ஃபெரோப்டோசிஸ் என்னும் செல் மரணமே அதற்குக் காரணம் என்று 2020-இல் தெளிவாயிற்று. அத்தகைய புழு தட்டில் மற்றவற்றைப் போலவே ஊர்ந்து திரிந்து தின்னும். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான், முட்டைகள் வரிசையாக நிற்க வேண்டிய உடலின் நடுப்பகுதி வெறுமையாய்த் தெரியும்.