பூரணம் வைத்த பூசணிக்காய்: சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு ஒரு மழைக்கால இரவு உணவு

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், பாளையங்கோட்டையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களின் கேள்விகளும் மாறிவிடுகின்றன. கோடையில் நுங்கும் பதநீரும் சாப்பிடலாமா என்று கேட்டவர்கள், இப்போது இரவில் சூடாகவும் வயிற்றுக்கு இதமாகவும் என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார்கள். அண்மைக் காலமாக அந்தக் கேள்வியோடு கைப்பேசியில் ஒரு காணொளியும் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அனுப்பியிருப்பார்கள். இரண்டாகப் பிளந்த பூசணி, அதன் குழியில் ஏதோ ஒரு பூரணம், மேலே உருகி வழியும் பாலாடைக்கட்டி. "பார்க்க நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா இனிக்கிற காயில்லா, சுகருக்கு ஆகுமா?" என்று ஓர் ஆச்சி கேட்டதைப் போலத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

ஆகும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பதிலைக் காயை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குழிக்குள் என்ன வைக்கிறோம், அது எப்படி வெந்தது, தட்டில் அதற்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் சொல்ல முடியும்.

மேலை நாடுகளில் இலையுதிர் காலத்தில் அறுவடையாகும் தடித்த தோல் பூசணி வகைகளைச் சேமித்து வைத்துக் குளிர்காலம் முழுவதும் சமைக்கிறார்கள். பட்டர்நட், ஏகார்ன் என்ற வகைகளைப் பிளந்து, எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸ் அளவிலான ஓவன் சூட்டில் வாட்டி, குழியில் சாசேஜோ சோறோ பருப்போ நிரப்பி மறுபடியும் வாட்டுவது அங்கே வழக்கம். நயினார்குளம் மார்க்கெட்டிலும் மகாராஜநகர் உழவர் சந்தையிலும் நாம் வாங்கும் மஞ்சள் பூசணி பெரும்பாலும் அந்தப் பட்டர்நட் சேர்ந்திருக்கும் குக்குர்பிட்டா மஸ்காட்டா என்ற அதே இனம்தான். ஆகவே காயைப் பொறுத்தவரை இந்தச் சமையலை இங்கே செய்வதில் தடை ஏதும் இல்லை. தடித்த சதையுள்ள மஞ்சள் பூசணியையே எடுக்க வேண்டும். தடியங்காய் (வெண்பூசணி) நீர் விட்டுக் குழைந்துவிடும்.

முதலில் இனிப்பைப் பற்றிய அச்சத்தைப் பார்ப்போம். 100 கிராம் பச்சைப் பூசணியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. மாவுச்சத்து 6 முதல் 7 கிராம். பட்டர்நட் வகையில் அது 12 கிராமை நெருங்கும். கிளைசீமிக் இண்டெக்ஸ் அட்டவணை ஒன்றில் பூசணிக்கு 75 என்ற உயர்ந்த எண் கொடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண், குறிப்பிட்ட அளவு மாவுச்சத்து கிடைக்கும்வரை ஓர் உணவைச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, நாம் ஒரு வேளைக்குச் சாப்பிடும் பூசணியில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 200 கிராம் பூசணி சாப்பிட்டாலும் 13 கிராம் அளவில்தான் மாவுச்சத்து உள்ளே போகிறது. தட்டு நிறையப் போட்டுக்கொள்ளும் 300 கிராம் சோற்றிலோ அது 80 கிராமைத் தாண்டுகிறது. பூசணிக்காய் சாப்பிட்ட இரவில் சர்க்கரை ஏறிவிட்டது என்று குறிப்பேட்டைக் காட்டுகிறவர்களிடம் அன்றைய தட்டில் வேறு என்ன இருந்தது என்று விசாரித்தால், காயில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்திருப்பார்கள், அல்லது அதைத் தொட்டுக்கொண்டு வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகவே இறங்கியிருக்கும். உடன்குடிக் கருப்பட்டி எவ்வளவு நயமானதாக இருந்தாலும் அதில் இருப்பதும் சர்க்கரைதான்.

காணொளியில் வரும் பூரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, மேப்பிள் பாகு, உலர்திராட்சை எல்லாம் சேர்ந்தால் காயின் நன்மை பின்னால் போய்விடுகிறது. நம் அடுக்களையில் இருக்கும் சிறுபயறும் குதிரைவாலியும் இதைவிட நல்ல பூரணமாகின்றன.

நான்கு பேருக்கு ஒன்றேகால் கிலோ எடையுள்ள முழுப் பூசணி ஒன்று போதும். காம்பு காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும். நகம் பட்டால் தோலில் பள்ளம் விழக் கூடாது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். கீற்றுப் போட்டு விற்பதைக் கூட்டுக்கு வாங்கலாம். மழைக்காலத்தில் ஈ மொய்க்க வெளியில் கிடந்திருந்தால் அதற்கும் வேண்டாம். முழுக்காயின் தோலில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும், ஏனென்றால் தோலில் இருப்பதைக் கத்தி சதைக்குள் இழுத்துச் சென்றுவிடும். காய் வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்து, காம்புப் பக்கம் மூடி போல வட்டமாக வெட்டி எடுத்து, விதையையும் நாரையும் கரண்டியால் வழித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உள்சதையில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். பூசணி, சுரை, வெள்ளரி, பீர்க்கு ஆகியவற்றின் குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு இயல்பாகவே உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையைத் தேர்ந்து பயிரிட்டதால்தான் நம் காய்களில் அது மிகக் குறைந்திருக்கிறது. கொல்லையில் தானாக முளைத்த கொடியிலும், கசப்பு வகையோடு அயல்மகரந்தச் சேர்க்கை நடந்த விதையிலும் அது மறுபடி தலைகாட்டலாம். கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் ஏற்பட்ட பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. ஜெர்மனியில் 2015இல் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினி என்ற பூசணிக் குடும்பக் காயைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். வேகவைப்பதால் இந்த நச்சு அழிவதில்லை. தேங்காயையும் கருப்பட்டியையும் சேர்த்தால் கசப்பு மறையுமே தவிர நச்சு அங்கேயேதான் இருக்கும். நம் ஊரில் இதைச் சொல்வது சற்றுக் கடினம், ஏனென்றால் கசப்பு எதுவானாலும் சர்க்கரைக்கு மருந்து என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கசப்பதே இயல்பான பாகற்காயை வைத்துக் கசக்கக் கூடாத பூசணியை எடைபோட வேண்டாம். கசந்த காயைச் சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தொடங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கசக்காத காய் என்று தெரிந்ததும் உட்புறம் சிறிது உப்பும் மஞ்சள்தூளும் தடவி, இட்லிச் சட்டியில் தட்டு வைத்து, காயைக் கவிழ்த்து வைத்து 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவிட வேண்டும். கவிழ்த்து வைக்காவிட்டால் ஆவி நீர் குழிக்குள் தேங்கிப் பூரணத்தைச் சொதசொதவென்றாக்கிவிடும். இதற்கிடையில் ஊறவைத்த 100 கிராம் சிறுபயறை மலர வேகவைத்து வடித்துக்கொள்ளலாம். 50 கிராம் குதிரைவாலியை உதிரியாக வடித்துக்கொள்ளலாம். கால் மூடித் தேங்காயை, சீரகம், நல்லமிளகு, பச்சைமிளகாய், நான்கு பல் பூண்டு சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து, கை நிறையச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வதக்கி, அரைத்ததையும் பயறையும் குதிரைவாலியையும் உப்போடு சேர்த்துக் கிளறினால், அடுப்படியில் எழும் மணமே மழைநேரத்துக்குப் பாதி ஆறுதலைத் தந்துவிடும். எண்ணெயை அறவே விலக்கிவிட வேண்டாம். பூசணிக்கு மஞ்சள் நிறம் தருகிற, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. உணவில் ஓரளவு கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும்.

கொதிக்கக் கொதிக்கப் பூரணத்தைக் காய்க்குள் நிரப்பி, மூடியை வைத்து மறுபடி 15 நிமிடம் ஆவி காட்ட வேண்டும். பக்கச் சுவரின் தடித்த இடத்தில் கத்தி நுனி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. இதில் ஒழுங்கு முக்கியம்: பூரணம் தனியாக முழுவதும் வெந்திருக்க வேண்டும், சூடாகவே காய்க்குள் போக வேண்டும். தடித்த சுவருக்கும் அடர்ந்த பூரணத்துக்கும் ஊடாக வெப்பம் நடுப்பகுதியைச் சென்றடைய வெகுநேரம் ஆகும். வெளியே காய் குழைந்துபோன பின்னும் உள்ளே வெதுவெதுப்பாகவே இருக்கலாம், கிருமிகள் பெருகுவதற்கு அந்தச் சூடு மிகவும் பிடித்தமானது. பூரணம் வைத்த உணவின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. நம் வீடுகளில் சமையல் வெப்பமானி இருப்பதில்லை என்பதால், கொத்துக்கறியைப் பச்சையாக உள்ளே வைத்து அவிக்கும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கறி வைக்க விரும்பினால் தனியாக முழுவதும் வேகவைத்த பிறகு வைக்கட்டும்.

மதியம் மீந்த சோற்றைப் பூரணமாக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குதிரைவாலி என்றதும் "சோறு கெடக்கே, அதப் போட்டுரலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு பல மணி நேரம் அறைச்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகுகின்றன. அவற்றில் சில வகைகள் வெளியிடும் வாந்தி நச்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழிவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் உடனே வைத்த சோறானால் பயன்படுத்தலாம், மூடிவைத்துச் சாயங்காலம் வரை அடுக்களை மேடையில் இருந்த சோறு வேண்டாம்.

பரிமாறும்போது நேரும் பிழைதான் சர்க்கரைக் கணக்கை மிகவும் கெடுக்கிறது. நான் சொன்ன அளவில் ஒருவர் பங்கில் மாவுச்சத்து ஏறத்தாழ 40 கிராமும் புரதம் 9 கிராமும் கிடைக்கின்றன. இத்துடன் ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ போதும். இதுவே இரவு உணவு, தொடுகறி அன்று. நான்கு இட்லிக்கோ சோற்றுக்கோ தொட்டுக்கொள்ளத் தொடங்கினால் இதைச் செய்ததன் பயனே இல்லை. ஒருவர் ஒருநாளைக்கு 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. நம் தட்டுகளில் ஓரமாக ஒரு கரண்டி மட்டுமே காய் வைக்கப்படும் நிலையில், 200 கிராமை ஒரே வேளையில் சலிப்பில்லாமல் உண்ண வைப்பதே இந்தச் சமையலின் பெரிய அனுகூலம் என்று நான் நினைக்கிறேன். அதேவேளை, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இரவுச் சோற்றை ஒரேயடியாக விட்டுவிட்டு இதற்கு மாறினால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோகக் கூடும். மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே மாற வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த உணவு ஏற்றதல்ல. 100 கிராம் பூசணியில் 340 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பயறையும் கூட்டினால் ஒருவர் பங்கில் ஏறத்தாழ ஒரு கிராம் வந்துவிடும். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். முழுக்காயாக ஆவியில் அவிக்கும்போது அது எங்கும் போவதில்லை. அவர்களுக்கு அன்று வேறு சமையல்தான்.

மீந்ததைக் காயோடு அப்படியே மூடிவைக்காமல், சதையையும் பூரணத்தையும் வழித்து அகலமான பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இரவெல்லாம் மின்சாரம் போய்விட்டால் காலையில் அதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இதைப் பிடித்துப்போய் வாரம் முழுவதும் பூசணியே சாப்பிட்டவர்கள் சிலர், உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது என்று மஞ்சள்காமாலைக்குப் பயந்து வருகிறார்கள். பீட்டா கரோட்டின் தோலில் படிவதால் வரும் அந்த நிறத்தால் கெடுதல் இல்லை. பூசணியையும் கேரட்டையும் குறைத்துக்கொண்டால் சில வாரங்களில் தானாக மறையும். கண்ணாடியில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்தால் காரணம் பெரும்பாலும் காய்தான். அதுவும் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.