என் எருமை எங்கே தம்பி?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பால் சங்கத்தின் பொதுக்குழுவில் திரை முழுக்க ஒரு வட்டம் விழுந்தது. முப்பத்தாறு உறுப்பினர்களுக்கு முப்பத்தாறு நிறத் துண்டுகள். யார் எவ்வளவு பால் ஊற்றினார் என்று காட்டுவதற்காகப் போட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “இதில் என் எருமை எங்கே தம்பி இருக்கிறது?” என்று கேட்டார். சபை சிரித்தது. வட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கோணங்களை ஒப்பிடுவதில் நம் கண் மந்தம். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் நிற்கும் இடங்களை மனிதர்கள் நன்றாக ஒப்பிடுகிறார்கள். நீளம், கோணம், பரப்பளவு என்று போகப் போகத் தவறு கூடுகிறது. வட்ட வரைபடத்தை 1801-இல் அச்சில் கொண்டுவந்த வில்லியம் பிளேஃபேர்தான், 1786-லேயே பட்டை வரைபடத்தையும் தந்திருந்தார். அவர் முதலில் தந்ததை விட்டுவிட்டு, பின்னால் வந்ததை நான் பிடித்துக்கொண்டேன். அதே முப்பத்தாறு பேரையும் இறங்குவரிசையில் பட்டைகளாக அடுக்கினால் யார் எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். காலைப் பால், மாலைப் பால் என்று இரண்டே பங்கு என்றால் வட்டம் போதும்.

எங்கள் தரவுத்தளத்தில் ஒருவர் ஒருமுறை ஊற்றும் பாலுக்கு ஒரு வரிசை: உறுப்பினர் எண், தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு. வினவல், அதாவது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி, திருப்பித் தருவது பெயரும் ஓர் எண்ணும் என்றால் பட்டை. தேதியும் எண்ணும் என்றால் கோடு. இரண்டு எண்கள் என்றால் சிதறல் புள்ளிகள். ஏறக்குறைய இவ்வளவுதான் விதி. ஆனால் எங்கள் ஊரில் பேச்சு தமிழ், பேரேடு பாதி மலையாளம். பெயரை வைத்துத் தொகுத்தபோது, இரண்டு எழுத்திலும் பதிவான ஒரே ஆள் இரண்டு குட்டைப் பட்டைகளாக நின்றார். உறுப்பினர் எண்ணை வைத்துத் தொகுத்த பிறகே ஒருவரானார்.

கோட்டு வரைபடத்தில் வேறு பள்ளம். மின்சாரம் போய்ப் பதிவு நடக்காத நாளுக்குத் தரவுத்தளத்தில் வரிசையே இராது. மென்பொருள் முந்தின நாளையும் அடுத்த நாளையும் சத்தமில்லாமல் இணைத்துவிடும். சுழியம் போட்டு நிரப்பினாலோ, ஊர் மாடுகள் எல்லாம் ஒரே நாளில் வற்றிப்போனது போலக் கோடு தரையைத் தொடும். எல்லாத் தேதிகளும் உள்ள நாள்காட்டி அட்டவணையோடு இணைத்து, இல்லாத நாளை வெற்றிடமாகவே விட்டு, கோட்டை அங்கே அறுத்துக் காட்டுவதுதான் நேர்மை.

கொழுப்புக் கணக்கில்தான் சண்டை அதிகம். ஒருவர் காலையில் 3.6 சதவீதத்தில் 8 லிட்டரும் மாலையில் 4.2 சதவீதத்தில் 4 லிட்டரும் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் சராசரி கேட்டால் வினவல் 3.9 என்கிறது. எந்த வேளையில் எத்தனை லிட்டர் என்பதையும் கணக்கில் சேர்த்தால் 3.8. தப்பான எண்ணையும் சரியான எண்ணையும் 3.7-இல் தொடங்கும் அச்சில் பட்டைகளாகப் போட்டுப் பாருங்கள்: ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். பட்டை பேசுவது நீளத்தால். அடி சுழியத்தில் இல்லாவிட்டால் அது பொய் சொல்லும். இப்படி நெருங்கிக் கிடக்கும் எண்களுக்குப் புள்ளிகளே மேல்.

அடுத்த கூட்டத்துக்குப் புள்ளிகளையே கொண்டுபோனேன். கிடையில் லிட்டர், நெடுக்கில் கொழுப்பு. ஒரே வீட்டுப் பசுவின் ஒரு மாதப் பால் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றது. காலை ஐந்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் கறக்கிறார்கள். இரவு இடைவெளி 14 மணி நேரம், பகல் 10. நீண்ட இடைவெளியில் பால் கூடுகிறது, கொழுப்பின் சதவீதம் குறைகிறது. “மெஷின் காலையில் குறைத்துக் காட்டுகிறது” என்று சொல்லிவந்தவர் நெருங்கி வந்து பார்த்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்.

பிறகு மொத்தச் சங்கத்தின் புள்ளிகளையும் போட்டேன். பசும்பால் எல்லாம் கீழே மேகம்போல அடைந்து கிடக்க, வெகு உயரத்தில் தனியே ஒரு சிறு கொத்து.

“அதோ நிற்கிறது,” என்றார் பெரியவர்.