கான்கிரீட் பிளாக்குக்கு 'தொகுதி'ன்னு எழுதாதீங்க: முகக்கல் – சொல் விளக்கம்

போன மாசம் காட்பாடியில ஒரு வாத்தியார் வூட்டு காம்பவுண்டு வேலை. 40 அடி நீளம், 5 அடி உயரம், பூச்சு வேண்டாம், கல்லு அப்பிடியே வெளிய தெரியணும், அதுக்கு ஏத்த நல்ல பிளாக்கா வாங்கணும்னு ஆசைப்பட்டாரு. கல்லு விக்கிற எடத்துல குடுத்த தமிழ் நோட்டீசை கையில வெச்சிக்கினு மேஸ்திரிக்கு போன் போட்டு, "225 தொகுதி வேணும்பா"ன்னு சொல்லிட்டாரு. மேஸ்திரி ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "சார், ஒரு தொகுதிக்கு எத்தினி கல்லு?"ன்னு கேட்டாரு. வாத்தியாருக்கும் சொல்லத் தெரியல. ஏன்னா நோட்டீசுல 'கட்டடக்கலை கான்கிரீட் தொகுதிகள்'னு தலைப்பு போட்டு, கீழ முழுக்க தொகுதி தொகுதின்னே இருக்கு, கல்லுங்கற வார்த்தை ஒரு எடத்துல கூட இல்ல. அப்புறம் நான் போய் கணக்கு போட்டு காட்டுனேன்: 16 இஞ்சுக்கு 8 இஞ்சு மொகம், 100 சதுர அடிக்கு 112, 113 கல்லு பிடிக்கும், 200 சதுர அடிக்கு 225 கல்லு. அவ்ளோதான் விஷயம்.

இந்த 'தொகுதி'யை நான் பல தடவை பார்த்துட்டேன். கம்பெனி நோட்டீசு, செல்போன்ல வர்ற விளம்பரம், வீடு கட்டறவங்களுக்குன்னு எழுதற கட்டுரை, எல்லாத்துலயும் இதே வார்த்தைதான். இனிமேலும் சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன்.

மொதல்ல பொருள். ஆர்க்கிடெக்சுரல் கான்கிரீட் பிளாக்குன்னா சிமெண்ட், எம் சாண்ட், சின்ன ஜல்லி போட்டு மெஷின்ல அழுத்தி எடுக்கற அதே பிளாக்குதான், ஆனா அதோட ஒரு மொகமோ ரெண்டு மொகமோ பூசாம, அப்பிடியே கண்ணுக்கு படற மாதிரி தயார் பண்ணது. ரெண்டு கல்லை ஒண்ணா வார்த்து, இறுகுன பொறவு மெஷின்ல நடுவுல பொளந்து எடுத்தா உள்ள இருக்கற ஜல்லி ஒடஞ்ச மொகத்தோட தெரியும், அது ஒரு வகை. மொகத்தை தேச்சி வழவழன்னு ஆக்கி ஜல்லி நிறத்தை காட்டறது இன்னொரு வகை. வரி வரியா பள்ளம் விட்டது ஒண்ணு. கலர் வேணும்னா கலவையிலயே இரும்பு ஆக்சைடு கலர் பொடி கலந்துடுவாங்க, மேல அடிக்கற பெயிண்ட் கெடையாது.

வேர் விஷயத்துல ரொம்ப நேரம் போக்கல. பிளாக்குங்கறது டச்சுக்காரங்க மரத்துண்டுக்கு சொன்ன வார்த்தை, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கான்கிரீட்டு லத்தீன், 'சேர்ந்து வளர்ந்து இறுகுனது'ன்னு அர்த்தம். சிமெண்ட்டும் லத்தீன்தான், அந்த மூலச்சொல்லுக்கு மொத அர்த்தமே ஒடச்ச கல்லு, கல்லு சில்லுங்கறதுதான். நம்ம 'கல்' திராவிடச் சொல்லு, கன்னடத்துலயும் மலையாளத்துலயும் அதே கல்லுதான்.

இப்ப தொகுதிக்கு வரேன். தொகுதிங்கறது 'தொகு'ங்கற வினையில இருந்து வந்தது. பலதை ஒண்ணா சேக்கறது தொகுக்கறது, அப்பிடி சேத்தது தொகுதி. எங்க மாவட்டத்துல யாரை வேணா கேளுங்க, தொகுதின்னா காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம்னு அஞ்சை சொல்வாங்க. பல ஊரு சேர்ந்தது ஒரு தொகுதி. பாட்டு தொகுதி, கதை தொகுதி எல்லாமே பல உருப்படி சேர்ந்த ஒண்ணு. பிளாக்கு அப்பிடியா? அது ஒத்தை உருப்படி. நூத்துக்கணக்குல அடுக்கி கட்டி முடிச்சப்புறம் நிக்குதே அந்த சுவரு, அதை வேணும்னா தொகுதின்னு சொல்லலாம். ஒண்ணுக்கு சொல்ல வேண்டியதை பலதுக்கு உள்ள சொல்லால சொன்னா அர்த்தம் தலைகீழா ஆவுது. மேஸ்திரி கேட்ட கேள்வியில தப்பே இல்ல, தமிழ் தெரிஞ்ச மனுஷன் அப்பிடித்தான் கேப்பான்.

இது எங்கேருந்து வந்துச்சின்னு யோசிச்சா, இங்கிலீஷ்ல பிளாக்குன்னா நாலஞ்சு அர்த்தம். கட்டடங்க சேர்ந்த பகுதியும் பிளாக்கு, பி.டி.ஓ. ஆபீசு இருக்கற பிளாக்கும் பிளாக்கு. அந்த பி.டி.ஓ.வை நம்ம அரசாங்கம் ஒழுங்கா 'வட்டார வளர்ச்சி அலுவலர்'னு எழுதுது, பிளாக்கை 'ஊராட்சி ஒன்றியம்'னு எழுதுது, யாரும் 'கட்டை வளர்ச்சி அலுவலர்'னு எழுதல. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியா பார்த்து சொல்லு போட்டிருக்காங்க. மெஷின் மொழிபெயர்ப்புக்கு அந்த பார்வை இல்ல, 'சேர்ந்த பகுதி'ங்கற அர்த்தத்துக்கு உள்ள சொல்லை எடுத்து சுவத்துல வெச்சிடுது. மெஷின் பண்ணா போவுதுன்னு விடலாம், அதை ஒரு மனுஷன் படிச்சி பார்த்து, சரின்னு சொல்லி, ஆயிரக்கணக்குல அச்சடிச்சி குடுத்திருக்கானே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சிலபேரு கான்கிரீட்டை 'கற்காரை'ன்னு ஆக்கி, பிளாக்கை 'கற்காரைக் கட்டை'ன்னு எழுதறாங்க. தமிழ்ல எழுதணும்னு நெனச்சி பண்றாங்க, அந்த மட்டுக்கும் மரியாதை உண்டு. ஆனா காரைங்கறது எங்க பக்கத்துல சுண்ணாம்பு பூச்சு. 'காரை பேந்துகினு வருது'ன்னா பூச்சு விழுதுன்னு அர்த்தம். பூச்சே இல்லாத கல்லுக்கு காரைங்கற பேரை வெச்சா கேக்கறவனுக்கு கொழப்பம்தான். கட்டைன்னா மரம். மரக்கட்டை, வெறகு கட்டை, பலகை கட்டை. பிளாக்குங்கற சொல்லோட மூலமும் மரத்துண்டுதானேன்னு ஒருத்தர் என்கிட்ட வாதாடுனாரு. மூலம் எதுவா வேணா இருக்கட்டும், இன்னிக்கு சித்தாளு தலையில தூக்கினு போறது மரமா? டச்சுக்காரன் எதுக்கு சொன்னான்னு பார்த்தா நம்ம சொல்லை முடிவு பண்றது?

கான்கிரீட்டுக்கு 'பைஞ்சுதை'ன்னும் பார்த்திருக்கேன். சுதைன்னா எங்களுக்கு கோபுரத்து பொம்மை. அதுவும் ஒட்டல.

அப்ப எது சரி? கல்லு. அதைத்தான் எல்லாரும் ஏற்கெனவே சொல்றாங்க. சிமெண்ட் கல்லு, சாலிட் கல்லு, நடுவுல ஓட்டை விட்ட ஹாலோ கல்லு, ஃப்ளை ஆஷ் கல்லு. "அது மலையில ஒடச்ச கல்லா, மிஷின்ல செஞ்சதுதானே"ன்னு கேப்பாங்க. செங்கல்லு மட்டும் மலையிலயா வெளையுது? மண்ணை பெசஞ்சி சூளையில சுட்டது, அதுக்கு நம்ம ஆளுங்க செங்கல்லுன்னு பேரு வெச்சாங்க. தோசைக்கல்லு இரும்பு. தராசுல வெக்கற எடைக்கல்லு இரும்பு. தமிழ்ல கல்லுங்கறது கெட்டியா, கனமா, தனி உருப்படியா இருக்கறதுக்கு பேரு, என்ன பொருள்ல செஞ்சதுங்கறது ரெண்டாம்பட்சம். சங்கப் பாட்டுல செங்கல்லுக்கு 'இட்டிகை'ன்னு ஒரு சொல்லு இருக்கு, வடமொழி வழி வந்தது, சித்தூர் பக்கத்துலேருந்து இங்க வேலைக்கு வர்ற தெலுங்கு மேஸ்திரிங்க இன்னிக்கும் இடுகன்னுதான் சொல்றாங்க. தமிழ்ல அந்த சொல்லு நிக்கல, செங்கல்லுதான் நின்னுச்சு. ஜனங்க வாயில நிக்கற சொல்லை விட்டுட்டு ரூமுக்குள்ள உக்காந்து புதுசா ஒண்ணை செய்யறதுல எனக்கு சம்மதமே இல்ல.

அடுத்தது 'ஆர்க்கிடெக்சுரல்'. இதுக்கு 'கட்டடக்கலை'ன்னு போடறாங்க. கட்டடக்கலைங்கறது படிப்பு, கலை. வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து தூணுங்களை பத்தி பேசும்போது அந்த சொல்லு சரி. ஒரு பிளாக்குக்கு முன்னால அதை போட்டா என்ன புரியும்? கலைநயமா செதுக்குன கல்லுன்னு நெனச்சிப்பாங்க. கட்டட வேலையில ஆர்க்கிடெக்சுரல்னா 'கடைசி தோற்றமே இதுதான், இதுக்கு மேல பூச்சு இல்ல'ன்னு அர்த்தம்.

'அலங்காரக் கல்'னு இன்னொரு கோஷ்டி. இது தொகுதியை விட ஆபத்து. அலங்காரம்னா இருக்கறதுக்கு மேல போடறது. நம்ம ஊர்ல எலிவேஷன் கல்லுன்னு ஒண்ணு விக்கறாங்க, சுவரு கட்டி முடிச்சப்புறம் மேல ஒட்டறது, அது அலங்காரம்தான், சரி. ஆனா இது சுவரே. பாரம் தாங்கற வேலையும் இதுக்கு உண்டு. ஒட்டற கல்லுன்னு நெனச்சி வாங்கப்போய் 8 இஞ்சு பிளாக்கு வந்து எறங்குனா என்ன பண்ணுவீங்க? இல்ல, சுவரு கட்டற கல்லுன்னு நெனச்சி ஒட்டற சில்லை வாங்கிட்டா?

எங்க மேஸ்திரிங்க கிட்ட இதுக்கு சொல்லு தயாரா இருக்கு. கல்லை கையில எடுத்து திருப்பி திருப்பி பார்த்து "மொகம் பார்த்து வைப்பா"ன்னு சொல்றதை வேலை நடக்கற எடத்துல யாரு வேணா கேக்கலாம். மூலை ஒடையாத, நல்லா இருக்கற பக்கம் மொகம். அதனால நான் சொல்றது முகக்கல். பேச்சுல மொகக்கல்லு. பொளந்ததுன்னா பொளந்த மொகம், தேச்சதுன்னா தேச்ச மொகம், வரி விட்டதுன்னா வரி மொகம். 'முகப்புக் கல்'னு சொல்லலாமேன்னு கேட்டாங்க, முகப்புன்னா வூட்டு முன்பக்கம், இந்த கல்லு ஹாலுக்குள்ளயும் வரும், பின்பக்கமும் வரும், அதனால வேண்டாம். ஹாலோவுக்கும் தமிழ் தேடி 'உள்ளீடற்ற'ன்னு எழுதறவங்களுக்கு ஒண்ணு, ஹாலோ கல்லுன்னே எழுதுங்க, தப்பான தமிழை விட புரியற கடன்சொல்லு மேல்.

சரியான சொல்லு இருந்தா வாங்கும்போது கண்ணு போக வேண்டிய எடத்துக்கு போவும். முகக்கல்லுன்னா மொகத்தை பாப்பீங்க. மூலை ஒடஞ்சிருக்கா, ஒரே நாள்ல வார்த்த கல்லா, நிறம் ஒரே மாதிரியா. நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அதனால ஒரே அடுக்குலேருந்து எடுத்து கட்டாம நாலு அடுக்குலேருந்து மாத்தி மாத்தி எடுக்கணும், இல்லன்னா சுவத்துல பட்டை பட்டையா தெரியும். சாம்பிளுக்கு 4 அடிக்கு 4 அடி சுவரு கட்டி பார்த்துட்டு மொத்தத்துக்கும் சொல்றது நல்லது. கான்கிரீட் பிளாக்குக்குன்னு இருக்கற இந்தியத் தர விதி ஐ.எஸ். 2185 முதல் பகுதி, 2005ல வந்தது, அதுபடி கல்லு தன் எடையில 10 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது. ஏ கிரேடு ஹாலோ கன மீட்டருக்கு 1500 கிலோவுக்கு கொறையக் கூடாது, சாலிட்டு 1800 கிலோ. வார்த்து 14 நாளாவது தண்ணி காட்டி, அப்புறம் சில வாரம் காயவிட்ட கல்லா வாங்குங்க, ஈரக்கல்லை வெச்சி கட்டிட்டா காயும்போது சுருங்கி சுவத்துல கீறல் விழும். செங்கல்லு மாதிரி தொட்டியில ஊறப்போடறதும் கூடாது. நம்ம ஊரு மே மாச வெயில்ல ஒட்டற பக்கம் மட்டும் லேசா தண்ணி தெளிச்சா போதும்.

பராமரிப்பு விஷயத்துல மொழிபெயர்ப்பு பண்ண கேடு இன்னும் பெருசு. சத்துவாச்சாரியில ஒரு வூடு, முன்பக்க சுவரு முழுக்க சாம்பல் நிறத்துல பொளந்த மொகம், பார்க்க கோட்டை மதிலு மாதிரி கம்பீரமா இருந்துச்சு. ஐப்பசி மழை முடிஞ்சதும் வெள்ளையா உப்பு பூத்துச்சு. கலவையில இருக்கற சுண்ணாம்பு சத்து, உப்பு எல்லாம் தண்ணியில கரைஞ்சி மேல வரும், தண்ணி காஞ்சி போனதும் வெள்ளையா நிக்கும், புது சுவத்துல இது சகஜம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா கொறஞ்சிடும். அவங்களுக்கு குடுத்த நோட்டீசுல இருந்தது இது: 'மலர்ச்சி தென்பட்டால் உலர் தூரிகை பயன்படுத்தவும், அமிலம் தவிர்க்கவும், முத்திரையிடவும்.' மலர்ச்சின்னா முகமலர்ச்சின்னுதான் யாருக்கும் தோணும், தூரிகைன்னா படம் வரையறவங்க கையில இருக்கறது, முத்திரைன்னா தபால் ஆபீசு. தண்ணி எறங்காம இருக்க சீலர் அடிங்கறதைத்தான் 'முத்திரையிடவும்'னு எழுதியிருக்காங்க. அந்த அம்மா படிச்சவங்கதான், ஆனா இது தன் சுவத்துல தெரியற வெள்ளையை பத்தி சொல்றதுன்னே அவங்களுக்கு தெரியல. வேலைக்கு வந்த பையன் பாத்ரூம் கழுவற ஆசிட்டை ஊத்தி தேச்சிட்டான். நான் போய் தொட்டு பார்த்தேன், வெரல்ல மணலு ஒட்டிக்கினு வருது. சிமெண்ட் பசையை ஆசிட்டு தின்னுட்டு மணலை வெளிய விட்டுடுச்சு. ஆள் ஒசரத்துக்கு கீழ பூரா பிஸ்கட் கலர்ல திட்டு திட்டா, மேல பழைய சாம்பல் நிறம். அதை திரும்ப கொண்டு வர வழியே இல்ல.

'உப்பு பூக்கறது'ன்னு நம்ம பாட்டி காலத்து சொல்லு இருக்கு. எஃப்ளோரசன்ஸ்ங்கற இங்கிலீஷ் சொல்லுக்கும் பூக்கறதுன்னுதான் வேர், நம்மகிட்ட அது ஏற்கெனவே அச்சு அசலா இருக்கு, அதை விட்டுட்டு மலர்ச்சின்னு எழுதறவங்க ஒரு தடவையாவது கீழ எறங்கி ஒரு சித்தாளு கிட்ட கேட்டிருந்தா போதும். 'ஒரு கோர்ஸ் கட்டு'ங்கறதை 'ஒரு பாடநெறி கட்டவும்'னு எழுதுன நோட்டீசும் என்கிட்ட இருக்கு. கோர்ஸ்னா சுவத்துல ஒரு வரிசை கல்லு, அவ்ளோதான்.

வாத்தியாருக்கு நானே ஒரு பக்கம் எழுதி குடுத்துட்டேன். மேஸ்திரி அதை சிமெண்ட் ரூமு கதவுல ஒட்டி வெச்சிருக்காரு. '225 மொகக்கல்லு, பொளந்த மொகம், 8 இஞ்சு. ஒடையிறதுக்கு 10 கல்லு சேத்து. நாலு அடுக்குலேருந்து மாத்தி எடு. கலவை கல்லை விட பலமா போடாதே. மொகத்துல கலவை ஒழுகுனா ஒடனே தேய்க்காதே, கொஞ்சம் இறுகட்டும், கரணையால சீவி எடு. ராத்திரி மழை வர்ற மாதிரி இருந்தா சுவத்து தலையில தார்ப்பாய் போடு. உப்பு பூத்தா காஞ்ச பிரஷ்ஷு. ஆசிட்டு தொடாதே. நல்லா காஞ்சப்புறம் தண்ணி எறங்காம இருக்க, கல்லுக்கு உள்ள எறங்கற சைலேன் சீலர் அடி, பெயிண்ட் அடிக்காதே, பெயிண்ட் தண்ணியை உள்ளயே பூட்டி வெச்சிடும்.' தெலுங்கு மேஸ்திரி ஒருத்தரு பக்கத்துல நின்னு தமிழ் தெரிஞ்ச பையனை விட்டு படிக்க சொல்லி கேட்டாரு, ஒரு எடத்துல கூட நிறுத்தி அர்த்தம் கேக்கல.