ஜூம்லா அனுமதிகள்: ‘டினைடு’ (மறுப்பு) ஏன் கடைசி ஆயுதம்

இணையதளம் அமைத்து நடத்த உதவும் மென்பொருளான ஜூம்லாவில் தளம் நடத்துபவர்களை அதிகம் குழப்புவது அனுமதிப் பக்கம்தான். 2011 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்துதான் நமக்கு வேண்டிய குரூப்களை (பயனர் குழுக்களை) நாமே உருவாக்க முடிகிறது. வசதியோடு சிக்கலும் சேர்ந்தே வந்தது.

ஒரு பக்கத்தை யார் பார்க்கலாம் என்பது ஆக்சஸ் லெவல். யார் எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம் என்பது பர்மிஷன். இரண்டும் வேறு வேறு. கட்டுரையை ரிஜிஸ்டர்டு லெவலுக்கு மாற்றினால் லாகின் செய்யாதவர் கண்ணில் அது படாது. ஆனால் யாருக்கும் திருத்தும் உரிமை கூடவோ குறையவோ செய்யாது.

பர்மிஷன் மேலிருந்து கீழே இறங்கும்: குளோபல் கான்ஃபிகரேஷன் (முழுத் தளத்துக்குமான அமைப்பு), காம்பொனென்ட் (கட்டுரைகள் போன்ற ஒரு பெரும் பகுதி), கேட்டகரி (கட்டுரைகளின் பிரிவு), கட்டுரை. குரூப்களுக்கும் வம்சாவளி உண்டு. பப்ளிக்கின் கீழ் ரிஜிஸ்டர்டு, அதன் கீழ் ஆத்தர், பிறகு எடிட்டர், பப்ளிஷர்.

டேட்டாபேஸில் இது எப்படி இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். எடிட்டர் குரூப்பின் எண் 4. அதற்குத் திருத்த அனுமதி (‘அலவ்டு’) கொடுத்தால் அனுமதிகளைச் சேமிக்கும் அசெட்ஸ் டேபிளில் 4-க்கு நேரே 1 என்று பதிவாகும், மறுத்தால் (‘டினைடு’) 0. இன்ஹெரிட்டடு (மேலிருந்து வருவதே போதும்) என்று விட்டால் ஒன்றும் பதிவாகாது. ஒருவர் ‘எடிட்’ அழுத்தியதும் அந்தக் கட்டுரையிலிருந்து மேலே உள்ள எல்லா அடுக்குகளையும், அவருடைய எல்லா குரூப்களையும், அவற்றின் தாய் குரூப்களையும் ஜூம்லா சேர்த்துப் பார்க்கிறது. ஒரே ஒரு 0 இருந்தால் போதும், அனுமதி இல்லை. எங்கும் 1 இல்லையென்றாலும் அனுமதி இல்லை.

ஆகவே தடுப்பதற்கு டினைடு அநேகமாகத் தேவையே இல்லை, அலவ்டு கொடுக்காமல் விட்டாலே போதும். புதிதாகப் பதிவுசெய்பவர்கள் எழுதக் கூடாது என்று குளோபலில் ரிஜிஸ்டர்டு குரூப்பின் ‘கிரியேட்’டை (புதிதாக எழுதும் உரிமையை) டினைடு ஆக்குவது பலரும் செய்யும் தவறு. அவர்கள் முன்பும் எழுத முடியாதவர்களே. நின்றுபோவது ஆத்தர், எடிட்டர், பப்ளிஷர் மூவரின் கைதான். கேட்டகரியில் அலவ்டு போட்டுப் பார்த்தாலும் ‘லாக்டு’ (பூட்டப்பட்டது) என்றே காட்டும்.

கல்லூரி இதழ்த் தளத்தில் மாணவர்கள் ‘கவிதை’ கேட்டகரியில் மட்டும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘மாணவர்’ குரூப்பை ரிஜிஸ்டர்டின் கீழ் உருவாக்குங்கள். ஆத்தரின் கீழ் வைத்தால் எல்லாக் கேட்டகரியிலும் எழுதும் உரிமை வந்துவிடும். பிறகு கவிதை கேட்டகரியின் பர்மிஷன் பகுதியில் ‘கிரியேட்’, ‘எடிட் ஓன்’ (தன் எழுத்தை மட்டும் திருத்துவது) இரண்டுக்கும் அலவ்டு. வெளியிடும் உரிமையான ‘எடிட் ஸ்டேட்’டைத் தொட வேண்டாம், அப்போதுதான் அந்த உரிமை உள்ளவர் வெளியிடும்வரை கவிதை காத்திருக்கும். மாணவர் குரூப்புக்கென ஓர் ஆக்சஸ் லெவல் உருவாக்கி, கட்டுரை எழுதும் மெனுவுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.

சரிபார்க்கும்போது சூப்பர் யூசர் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். எந்த டினைடும் அதைத் தடுக்காது என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மாணவர் குரூப்பில் மட்டும் உள்ள ஒரு சோதனைக் கணக்கைத் திறந்து, வேறு பிரவுசரில் லாகின் செய்து, ஒரு கவிதையைச் சேமித்துப் பாருங்கள்.