திட்டிக்கொண்டே நேசித்த மேலாளர்

2017 மார்ச் 18 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மைதானத்தில் லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனல் ஆடிக்கொண்டிருந்தபோது, அதன் மேலாளர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், ஆர்சென் வெங்கருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கூடாது என்ற வாசகத்தை இழுத்தபடி ஒரு சிறு விமானம் வானில் வட்டமிட்டது. அதே ஆட்டத்தின்போது, அவர்மீது நம்பிக்கை தெரிவிக்கும் வாசகத்துடன் இன்னொரு விமானமும் வந்தது. ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று அன்று பலரும் எழுதினார்கள். மனநல ஆலோசனை அறையில் இருந்து பார்க்கும் எனக்கோ, அந்த இரண்டு வாசகங்களும் பல சமயம் ஒரே மனிதருக்குள் இருப்பவை என்றே தோன்றுகிறது.

கால்பந்தை முன்வைத்து யாரும் ஆலோசனைக்கு வருவதில்லை. தூக்கமின்மைக்காகவோ, அடக்க முடியாத கோபத்துக்காகவோ, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனதற்காகவோ வருகிறார்கள். பேசப் பேச ஏதோ ஒரு கிளப்பும் அதை விட்டுப் போன ஒரு மேலாளரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். நான் கேட்ட பலரின் பேச்சை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால் அது இப்படி இருக்கும்: “கடைசி மூன்று வருடம் அவர் எப்போது போவார் என்று காத்திருந்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். போகிற அன்று அழுதேன். அப்போது பொய்யாக இருந்தேனா, இப்போது பொய்யாக இருக்கிறேனா?” இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வெட்கத்தை நண்பர்கள் கவனிப்பதில்லை. “வெறும் விளையாட்டுதானே” என்ற பதில் அந்த வெட்கத்தை இன்னும் கூட்டவே செய்கிறது.

வெங்கரின் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1996இல் வந்தவர் 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். அவற்றில் கடைசிப் பட்டம் 26 வெற்றி, 12 சமன் என்று ஒரு தோல்வியும் இல்லாமல் கிடைத்தது. 2006இல் கிளப் பழைய ஹைபரி மைதானத்தை விட்டு, பெரும் கடன் வாங்கிக் கட்டிய எமிரேட்ஸ் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 2005 முதல் 2014 வரை ஒரு கோப்பையும் இல்லை. 2011இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்ற கணக்கில் தோற்றார்கள். ஆனால் 2016 வரை அவர் நடத்திய ஒவ்வொரு முழு சீசனிலும் ஆர்சனல் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வேறு பல கிளப்புகளின் ரசிகர்கள் கொண்டாடியிருக்கக்கூடிய நிலை அது. ஆர்சனல் ரசிகருக்கு அது ஏன் பொறுக்கவில்லை என்றால், எதை எதிர்பார்க்கலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே வெங்கர்தான். அவர் ஏற்றி வைத்த அளவுகோலால்தான் அவரையே அளந்தார்கள். பிற்காலத்துக் கோபம் முற்காலத்து அன்புக்கு எதிரானதன்று, அந்த அன்பிலிருந்தே பிறந்தது. இது புரிந்த பிறகு “நான் போலியா” என்ற கேள்வி பலருக்கும் கொஞ்சம் தளர்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. 1996இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர், 2018 மே மாதம் வெங்கர் விடைபெற்றபோது முப்பத்திரண்டு வயது மனிதர். இடையில் பள்ளி முடிந்தது, வேலை கிடைத்தது, உடன் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த தந்தை ஒருவேளை காலமாகியிருப்பார். அத்தனை மாற்றங்களுக்கு நடுவே மாறாமல் தொலைக்காட்சியில் தெரிந்த ஒரு முகம் போகும்போது, அழுகை வெளிப்படையாக மேலாளருக்காகவும் உள்ளுக்குள் வேறு பல இழப்புகளுக்காகவும் வருகிறது. ஆலோசனையில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் மேலாளரைப் பற்றிய சண்டை என்று தொடங்கியது பெரும்பாலும் இங்கேதான் வந்து அவிழ்கிறது.

போன விதம் என்பது தனிக் கதை. ஒரு அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, அதன் உச்சமும் முடிவும்தான் நினைவில் அதிகம் தங்குகின்றன என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் வலி பற்றிய ஆய்வுகளில் காட்டினார். ரசிகரின் நினைவு முழுவதையும் இதைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஆனாலும் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு மேலாளராக இருந்த பிரெண்டன் ராட்ஜர்ஸ் பற்றி அதன் ரசிகர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2016–17 சீசனில் உள்நாட்டில் ஒரு ஆட்டமும் தோற்காமல் மூன்று கோப்பைகளையும் வென்றவர். அடுத்த சீசனிலும் மூன்றையும் வென்றவர். மூன்றாவது முறையும் மூன்றையும் வெல்ல வாய்ப்பிருந்த 2019 பிப்ரவரியில், சீசனின் நடுவே இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்புக்குப் போய்விட்டார். மறுநாளே அமரத்துவத்தைக் கொடுத்து அற்பத்தை வாங்கிக்கொண்டவர் என்றும், ஒருநாளும் செல்டிக்காரராக இருந்ததில்லை என்றும் ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். கோப்பைகள் எதையும் அவர் திருப்பி எடுத்துச் செல்லவில்லை. சிறு வயது முதல் செல்டிக் ரசிகன் என்று தன்னைப் பற்றி அவர் சொல்லியிருந்ததைத்தான் ரசிகர்கள் உடைந்த வாக்காக எடுத்துக்கொண்டார்கள். 2023இல் அவர் திரும்பி வந்து மீண்டும் லீக்கை வென்ற பிறகும், கைதட்டிக்கொண்டே முழுதாக நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பிழைப்புக்காகப் போவதைப் புரிந்துகொள்வதும் புண்பட்டதை மறக்காமல் இருப்பதும் ஒரே நெஞ்சுக்குள் இருக்க முடியும்.

கிளப்பே வெளியேற்றும்போது குழப்பம் வேறு விதமாக வரும். லெஸ்டருக்கு 2016இல் யாரும் எதிர்பாராத லீக் பட்டத்தை வென்று தந்த கிளாடியோ ரானியெரி, ஒன்பது மாதங்களில் நீக்கப்பட்டார். அடுத்த ஆட்டத்திலேயே லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று வென்றது. நீக்கத்தை நன்றிகெட்ட செயல் என்று நினைத்த ரசிகருக்கு அந்த வெற்றியின் மகிழ்ச்சியே குற்ற உணர்வாக மாறியிருந்தால் வியப்பில்லை.

நான் சொல்லும் வழி எளியது, ஆனால் பலருக்குப் பிடிப்பதில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுதும் வேலையை நிறுத்துங்கள். அவரால் எனக்கு என்ன கிடைத்தது, எப்படிப் போனார், அந்த நாட்களில் என் சொந்த வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை சொல்லுங்கள். விடைகளைக் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்க முயலாதீர்கள்.

இவ்வளவும் உணர்ச்சியைப் பற்றியது, செயலைப் பற்றியது வேறு. 2021இல், முன்பு லிவர்பூல் மேலாளராக இருந்த ரஃபா பெனிட்டெஸ் அதே நகரத்து எதிரணியான எவர்ட்டனின் பொறுப்பை ஏற்கப்போகிறார் என்ற செய்தி பரவியபோது, அவர் வீடு இருக்கும் பகுதியில், நீ எங்கே வசிக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், கையெழுத்திடாதே என்ற பொருளில் ஒரு பதாகை தொங்கவிடப்பட்டது. பழைய பகையால் வந்த கசப்பு இயல்புதான். ஒருவரின் வீட்டு வாசல்வரை மிரட்டலோடு போவது இயல்பன்று. ஒரு மேலாளரின் குடும்பத்தைப் பற்றி இணையத்தில் வசை எழுதத் தொடங்கினால், கருத்து வேறுபட்டதற்காக உறவினரோடு பேசுவதை நிறுத்தினால், அணி தோற்ற இரவின் கோபம் வீட்டில் இருப்பவர்கள்மீது திரும்பினால், அல்லது அவர் போய் மாதங்கள் கழிந்தும் தூக்கமும் வேலையும் கெட்டுக்கொண்டே இருந்தால், ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். கால்பந்தால்தான் வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லித் தொடங்கினாலும் போதும்.